பாதி டாக்டர் கேட்ட கடிதம்

சைமா லெஹ்டோவுக்கு முப்பத்துமூன்று வயது. ஒன்பதாம் நம்பர் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறாள். அமெரிக்காவின் வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்கு மேலே போகும் மேட்டுச் சாலையில் ஏப்ரல் கடைசிவரை பனி கிடக்கும். அந்தப் பாதையை வேறு எந்த ஓட்டுநரும் கேட்டு வாங்கியதில்லை, இவள் கேட்டு வாங்கினாள். மூன்று வருடத்தில் ஒரே ஒரு முறைதான் வண்டியைப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறாள், அதுவும் காலி வண்டி. இவ்வளவு ஒழுங்காக ஓட்டியும் பேருந்துக் கொட்டகையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாதி டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

பெயர் வைத்தவள் பெவ். காலை ஐந்தரைக்கே வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று எல்லோரையும் அதட்டுகிறவள். டாக்டர் பட்டத்துக்கு நான்கு வருடம் படித்துவிட்டு முடிக்காமல் வந்தவள் என்று சைமாவின் விண்ணப்பத்தில் பார்த்த அன்றே வைத்துவிட்டாள். சைமா கோபித்துக்கொண்டதில்லை. பாதியாவது இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வாள். மீதிப் பாதி எங்கே போயிற்று என்று யாராவது கேட்டால் மட்டும், எழுந்து போய் வண்டியின் டயரை உதைத்துப் பார்ப்பாள்.

அவள் படித்தது மீன் காது. சிரிக்க வேண்டாம், எங்கள் ஏரிக்கரையில் அது மரியாதையான வேலை. மீனின் தலைக்குள்ளே, காதில், பருப்பு அளவுக்கு ஒரு வெள்ளைக் கல் இருக்கும். வருடத்துக்கு ஒரு வளையமாக அது வளரும். அதை மெல்லிய துண்டாக அறுத்து, நுண்ணோக்கியில் வைத்து வளையங்களை எண்ணினால் மீனின் வயது தெரியும். இளம் மீன் என்றால் சுலபம். ஏரியின் அடியாழத்தில் கிடக்கும் கிழட்டு ட்ரௌட் மீன்கள் முப்பது நாற்பது வருடம் வாழ்கிறவை. அவற்றின் கடைசி வளையங்கள் ஓரத்தில் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். வளையம் எது, நிழல் எது என்று சொல்ல நல்ல கண் வேண்டும்.

அதனால் ஒரு கல்லை இரண்டு பேர் எண்ணுவார்கள். ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்கக் கூடாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் இரண்டு எண்ணும் செல்லாது, இருவரும் ஒரே கல்லின் முன்னால் உட்கார்ந்து மறுபடி எண்ண வேண்டும். பெரியவர் சொன்ன எண், சின்னவர் சொன்ன எண் என்றெல்லாம் அங்கே கிடையாது. பேராசிரியர் லோர்னா ட்ரெவாரோவின் ஆய்வகத்தில் அது ஒன்றுதான் சட்டம்.

லோர்னாவும் சைமாவும்தான் ஜோடி. மூன்று வருடம் நன்றாகப் போயிற்று. நான்காவது வருடம் ஆழத்து மீன்கள் பெட்டி பெட்டியாக வரத் தொடங்கின. லோர்னா இருபத்தைந்து என்றால் சைமா இருபத்தெட்டு என்றாள். மறுபடி எண்ண உட்காருவார்கள். லோர்னா பென்சில் முனையால் நுண்ணோக்கித் திரையின் ஓரத்தைக் காட்டி, "இது வளையமில்ல சைமா, நிழல்" என்பாள். சைமா சரி என்பாள். பதினைந்து வருடமாக எண்ணுகிற ஒருத்தியிடம் வேறென்ன சொல்வது? வாரா வாரம் இதே கதை நடந்தது.

பிறகு ஒரு மாதம் எண்கள் அதிசயமாக ஒத்துப்போயின. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. லோர்னா அவள் தோளைத் தட்டி, "இப்பதான் உன் கண்ணு பழகியிருக்கு" என்றாள். சைமா கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஏனென்றால் அவள் அந்த மாதம் கல்லை எண்ணவே இல்லை. நூற்று நாற்பது கற்களிலும், லோர்னா என்ன எழுதுவாள் என்று யோசித்து அதைத்தான் எழுதியிருந்தாள். வேலைக்கு வராமல் ஏமாற்றியிருந்தால்கூட மன்னிப்பு உண்டு. கல்லை விட்டுவிட்டு ஆளை எண்ணுவதற்கு அந்தத் தொழிலில் மன்னிப்பு கிடையாது. அதைவிட மோசம், எதை உண்மையாகப் பார்க்கிறோம், எதை லோர்னாவின் கண்ணால் பார்க்கிறோம் என்று அவளுக்கே தெரியாமல் போய்விட்டிருந்தது.

திங்கட்கிழமை ஆய்வகச் சாவியை ஒரு கவரில் போட்டாள். "மன்னியுங்கள், என்னால் முடியவில்லை" என்று மேலே எழுதி, லோர்னாவின் தபால் பெட்டியில் போட்டுவிட்டு நாற்பது மைல் வண்டி ஓட்டி ஊருக்கு வந்துவிட்டாள். லோர்னா கூப்பிடவில்லை. இவளும் கூப்பிடவில்லை. அப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது.

இந்த ஏப்ரலில் ஒருநாள், காலை வண்டி முடிந்து கொட்டகையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது பெவ் கணினியிலிருந்து தலையை நீட்டினாள்.

"ஏய் பாதி டாக்டர், இங்க வா. மாநில மீன் ஆய்வு நிலையத்துல, மீனோட வயசு பாக்க ஆளு வேணுமாம். உலகத்துலயே இந்த வேலை தெரிஞ்சவங்க ஒரு பதினேழு பேரு இருப்பாங்களா? அதுல ஒருத்தி இங்க உக்காந்து என் ஏலக்காய் ரொட்டியத் தின்னுக்கிட்டிருக்கா."

"அதெல்லாம் வேணாம் பெவ். எனக்கு பஸ் ஓட்டறது பிடிச்சிருக்கு."

"எனக்கும்தான் பஸ் பிடிக்கும். ஆனா போன வெள்ளிக்கிழமை சர்ச்சுல மீன் விருந்து நடந்தப்போ, சமையக்கட்டுக்குள்ள போயி குப்பைக் கூடையில இருந்து மீன் தலைய எடுத்துப் பொளந்து பாத்தது நானா? பாதிரியார் வேற பாத்துட்டு நின்னாரு."

சைமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பெயர், முகவரி, படிப்பு எல்லாம் நிரப்பினாள். உங்களைப் பற்றி எழுதப்படும் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கட்டம் கேட்டது. பார்ப்பேன் என்று சொல்கிறவருக்கு வரும் கடிதத்தை இங்கே யாரும் நம்ப மாட்டார்கள், அதனால் எல்லோரையும் போல விட்டுக்கொடுத்து டிக் போட்டாள். பிறகு வந்தது அந்தக் கேள்வி. கடைசியாக ஆராய்ச்சி செய்த இடத்தின் தலைவர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும், அது இல்லாத விண்ணப்பம் எடுத்துக்கொள்ளப்படாது. விரல்கள் பழக்கத்தில் லோர்னாவின் மின்னஞ்சல் முகவரியை அடித்துவிட்டன. அடித்த பிறகு விரல்கள் அப்படியே நின்றன.

"என்ன, தூங்கிட்டியா?" என்று பெவ் பின்னாலிருந்து கையை நீட்டி, 'அடுத்து' என்றிருந்த பொத்தானைத் தட்டினாள்.

பரிந்துரை கேட்டு உங்கள் பரிந்துரையாளருக்குக் கடிதம் அனுப்பப்பட்டது என்று திரை சொன்னது.

"என்னடி இது? அடுத்த பக்கம் வரும்னு நெனச்சேன்" என்றாள் பெவ்.

"பக்கம் வரல பெவ். லெட்டர் போயிடுச்சு."

கேட்காமல் ஒருவர் பெயரைக் கொடுப்பது, சொல்லாமல் ஒரு வீட்டு விருந்துக்கு நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போவது மாதிரி. அதுவும் சாவியைக் கவரில் போட்டுவிட்டு ஓடிவந்தவள் கொடுப்பது இன்னும் அழகு. இயந்திரத்தின் கடிதத்தை லோர்னா திறப்பதற்குள் தன் கடிதம் போய்ச் சேர வேண்டும் என்று சைமா பதறினாள். ஆனால் முதல் வார்த்தையே வரவில்லை. ஆய்வகத்தில் எல்லோரும் பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அன்புள்ள லோர்னா என்று அடித்தாள். அன்புக்கு இப்போது என்ன உரிமை என்று அழித்தாள். மதிப்புக்குரிய பேராசிரியர் ட்ரெவாரோ அவர்களுக்கு என்று அடித்தாள். அதைப் படித்தால் நீதிமன்றத்திலிருந்து வந்த நோட்டீஸ் போல இருந்தது.

"வெறும் பேரப் போடு. அவங்க பேரு அவங்களுக்குத் தெரியும்" என்றாள் பெவ்.

"லோர்னா, இயந்திரம் என்னை முந்திக்கொண்டது. நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். எனக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதித் தருவீர்களா? முடியாது என்றால் எனக்குப் புரியும். சைமா."

"அந்த 'புரியும்'ங்கறத எடு. வேணாம்னு சொல்றதுக்கு நீயே கதவத் தொறந்து விடுவியா?"

சைமா அதை எடுத்துவிட்டு அனுப்பினாள். அன்றைக்கு மேட்டுச் சாலையில் இரண்டு நிறுத்தங்களைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். மூன்று வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

பதில் நான்கு நாள் கழித்து வந்தது. விண்ணப்பம் முடிய இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

"சைமா, இயந்திரத்தின் கடிதம் வந்து பதினோரு நிமிடம் கழித்து உன்னுடையது வந்தது. நீ பஸ் ஓட்டுவதாகக் கேள்விப்பட்டேன், வியாழக்கிழமை காலை வண்டி முடிந்ததும் வா. இங்கே இருந்த நான்கு வருடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா. நானும் எழுதி வைக்கிறேன். வழக்கம் போலத்தான், ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்கக் கூடாது. லோர்னா."

எழுதுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சைமா அதை எட்டு முறை படித்தாள்.

சாயந்திரம் சமையலறை மேசையில் உட்கார்ந்து பக்கத்தை எழுதினாள். நான்கு வருடம், ஆறாயிரம் கற்கள், மூன்று குளிர்காலம் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடித்தது. எல்லாம் உண்மை. அரைப் பக்கம் வந்தது, அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அந்த ஒரு மாதத்தைப் பற்றி அவளைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. சொன்னால் கடிதம் கிடைக்காது, கடிதம் இல்லாவிட்டால் வேலை கிடையாது, நுண்ணோக்கியில் மறுபடி கண்ணை வைக்க வழியே கிடையாது. சொல்லாவிட்டால் கடிதம் கிடைக்கும். ஆனால் வாழ்நாள் முழுக்க அந்த நுண்ணோக்கிக்குள் லோர்னாவின் கண் இருக்கும். நெடுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு மீதி அரைப் பக்கத்தில் அதை எழுதினாள். எழுதி, மடித்து, பேருந்தின் வெயில் மறைப்பில் செருகி வைத்தாள். அதை எடுத்துக் கிழித்துவிடுகிற ஆசை அடுத்த இரண்டு நாளும் வளைவுக்கு வளைவு வந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை வழியில் கடையில் நிறுத்தி, அந்தக் காலச் சுரங்கக்காரர்கள் மத்தியானத்துக்குக் கொண்டுபோன, மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட பாஸ்டி இரண்டு வாங்கிக்கொண்டாள். வெறுங்கையோடு போக மனம் வரவில்லை.

லோர்னா இப்போது கண்ணாடி போட்டிருந்தாள். நாற்பத்தைந்துகூட ஆகியிருக்காது, காதோரம் நரைத்திருந்தது. இருவரும் கை கொடுப்பதா கட்டிப்பிடிப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்கள். கடைசியில் சைமா பொட்டலத்தை நீட்டினாள். லோர்னா பிரித்துப் பார்த்தாள். கூடவே சின்ன சின்ன கெச்சப் பாக்கெட்டுகள்.

"இன்னும் இதுக்கு கெச்சப்தான் ஊத்திக்கிறியா?"

"நீங்க இன்னும் அந்தக் கொழகொழ கிரேவியா?"

"எங்க கொள்ளுத்தாத்தா இதச் சுரங்கத்துக்குள்ள கொண்டு போனப்போ கெச்சப்பா கொண்டு போனாரு?"

"கிரேவிய மட்டும் பையில ஊத்திக்கிட்டுப் போனாரா?"

லோர்னா சிரித்துவிட்டாள். பிறகு மேசையில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். வியாழக்கிழமைதான், இருந்தாலும் இருவருக்கும் அது வெள்ளிக்கிழமை மத்தியானமாகத்தான் இருந்தது. சைமாவின் தாளை லோர்னா எடுத்துக்கொண்டாள், லோர்னாவின் தாளை சைமா எடுத்துக்கொண்டாள்.

லோர்னாவின் எழுத்து எப்போதும் போலப் பொடிப் பொடியாக இருந்தது. சைமா லெஹ்டோ இங்கே ஆறாயிரம் கற்களுக்கு மேல் எண்ணினாள். என்னைவிட நல்ல கண். நான்காவது வருடம் எங்கள் எண்கள் வேறுபட்டன. மறுபடி எண்ணுவோம் என்று அவளை உட்காரவைத்துவிட்டு நான் எண்ணவில்லை, அவளை என் எண்ணுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். எங்கள் சட்டத்தை முதலில் மீறியது நான். பிறகு எண்கள் ஒத்துப்போனபோது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் எனக்கு அது பிடித்திருந்தது.

சைமா தலை நிமிர்ந்தாள். லோர்னா அவளுடைய தாளின் கீழ்ப் பாதியில் இருந்தாள். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், ரொம்ப நேரம் துடைத்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள் சைமா.

"அப்பத் தெரியாது. சாவியக் கவர்ல பாத்தப்போ எனக்குக் கோவம்தான். நன்றி கெட்டவள்னு கூடத் திட்டினேன். ரெண்டு மாசம் கழிச்சுத்தான் அந்தத் தாளையெல்லாம் எடுத்துப் பாத்தேன். நூத்தி நாப்பது கல்லு. ஒரு எடத்துலகூட நீ இல்ல. ரெண்டு வரிசையிலயும் நானே இருக்கேன்." லோர்னா நிறுத்தினாள். "எல்லாத்துலயும் ஒரு கோடு போட்டு அடிச்சுட்டேன். உன்னோடதையும், என்னோடதையும்."

"எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே."

"அன்புள்ள சைமான்னு ஆரம்பிச்சேன். அதுக்கு மேல என்ன எழுதறதுன்னு தெரியாம மூணு நாள் கம்ப்யூட்டர்ல தெறந்தே கெடந்துச்சு. அப்புறம் மூடிட்டேன். உனக்கு அந்த அன்பு வேணுமோ வேணாமோன்னு இருந்துச்சு."

மூன்று வருடம் இருவரும் ஒரே வார்த்தையில் தடுக்கி விழுந்து கிடந்திருக்கிறார்கள். நாற்பது மைல்தான் தூரம். படித்தவர்கள் என்றால் இப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது.

சைமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தாளை மேசையில் வைத்தாள். "ஒத்துப்போகல லோர்னா. நான் என் தப்புங்கறேன், நீங்க உங்க தப்புங்கறீங்க."

"ஆமா. ஒத்துப்போகலன்னா என்ன செய்யணும்?"

"மறுபடி எண்ணணும்."

லோர்னா எழுந்து அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். அந்த மாதத்துக் கற்களில் ஒன்று. நாற்காலியைக் காட்டினாள். சைமா உட்கார்ந்தாள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக் குனிந்தாள்.

கல் அப்படியே இருந்தது. நடுவில் அகலமான வளையங்கள், மீன் சின்னதாக இருந்த நல்ல வருடங்கள். அவை சுலபமாக வந்தன. இருபதுக்கு மேல் நெருக்கம் தொடங்கிற்று. பக்கத்தில் லோர்னா மூச்சு விடுவது கேட்டது, அவள் என்ன எழுதுவாள் என்ற பழைய யோசனை வழக்கம் போல வந்து நின்றது. சைமா தலையை எடுத்துவிட்டாள்.

"லோர்னா, கொஞ்சம் அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

லோர்னா ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். சைமா மையத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். ஓரத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்தாள், மேட்டுச் சாலையில் பனிமூட்டத்தில் குறைப்பதைப் போல. ஒன்று, நிழல், ஒன்று, ஒன்று. மூன்று முறை எண்ணினாள்.

"முப்பத்தொண்ணு" என்றாள்.

"நான் நேத்து எண்ணி வெச்சது இருபத்தெட்டு" என்றாள் லோர்னா, திரும்பாமலே.

சைமா மறுபடி குனிந்து பார்த்தாள். ஓரத்தில் அந்த மூன்றும் இருந்தன. மெல்லிசாக இருந்தன, ஆனால் இருந்தன.

"முப்பத்தொண்ணுதான் லோர்னா. கடைசி மூணும் நிழல் இல்ல. வந்து பாருங்க, காட்டறேன்."

லோர்னா வந்து குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "எனக்கு இன்னும் இருபத்தெட்டுதான் தெரியுது" என்றாள். நிமிர்ந்தபோது அவள் கண் நனைந்திருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு. "இருந்தாலும் நீ அசையலையே. மூணு வருஷமா இதத்தான் கேக்கணும்னு இருந்தேன்."

மேசைக்குப் போய்க் கணினியைத் திறந்து, நிலையத்தின் கடிதப் பக்கத்தை எடுத்தாள். சைமா தோளுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"எங்க வந்து நிக்கற? இதப் பாக்க மாட்டேன்னு டிக் போட்டிருக்கியே."

"சும்மா ஒரு வரி."

"ஒரே வரிதான். கேட்டுட்டு ஓடிடணும்." லோர்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடித்தாள், அடித்ததை வாசித்தாள். "'இன்று காலை இவள் ஒரு மீனின் வயதில் என்னோடு மூன்று வருடம் வேறுபட்டாள், நான் என் எண்ணைச் சொன்ன பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை.' போதும், போ வெளிய."

"அந்த நூத்தி நாப்பதையும் எழுதுங்க. மறைச்சு வர்ற வேலை எனக்கு வேணாம்."

"ரெண்டு பேரோடதையும் எழுதறேன். போடி."

சைமா வெளியே வந்து நடைவழி பெஞ்சில் உட்கார்ந்தாள். மத்தியான வண்டிக்கு ஒன்றரைக்குள் கிளம்ப வேண்டும், இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் விசைகள் டக்டக்கென்று ஓடிக்கொண்டிருந்தன. பையில் தொலைபேசி அடித்தது.

"என்னடி பாதி டாக்டர், என்ன ஆச்சு? எழுதறாளா, இல்லையா? இங்க எனக்குக் காபி எறங்கல."

சைமா எழுந்து தொலைபேசியைக் கதவோரம் பிடித்தாள். பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன சத்தம் அது? மழையா?" என்றாள் பெவ்.

"லெட்டர்."

"இவ்ளோ நேரமா?"

"இன்னும் நிறுத்தல பெவ்" என்றாள் சைமா. அழுகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது, பெவ் அன்றைக்கு ஒரு வார்த்தைகூடக் கிண்டல் செய்யவில்லை. மத்தியான வண்டிக்கு வயர்லெஸ்ஸில் கூப்பிட்டபோது, "சைமா, கிளம்பிட்டியா?" என்றுதான் கேட்டாள்.